மொட்டையம்பட்டி எல்லைக்கல்

மொட்டையம்பட்டியில் ஆளுக்குப் பஞ்சமில்லை, புத்திக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. அந்த ஊரின் மேற்குக் கடைசி வீடு மாசிலாமணியுடையது. எங்கிருந்தோ வந்த வேலம்மா கிழக்கு எல்லைக்கல் ஓரமாகப் பணியாரக்கடை போட்டிருக்கிறாள் என்று காதில் விழுந்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பயப்படுவதற்கு அதுவே போதுமாக இருந்தது, பாவம்.

ஊர்க்கூட்டம் கூட்டினார். "வெளியூர்க்காரங்க உள்ளே வந்துட்டாங்கய்யா! விட்டா நம்ம கிணத்தைக் குடிச்சே தீர்த்துடுவாங்க!"

"நல்ல மனுஷங்கண்ணே," என்றான் வேலம்மாவின் அடுத்த வீட்டு இருளப்பன். "என் புள்ளைக்குக் காய்ச்சல்னதும் கஞ்சி வச்சுக் குடுத்தாங்க."

"நீ பக்கத்துல இருக்கிறவன், உனக்கு என்னடா தெரியும்? தூரத்துல இருக்கிற எனக்குத்தான் முழுசாத் தெரியும்!"

கூட்டம் பலமாகத் தலையாட்டியது. ஆனால் அடுப்பில் பணியாரம் வேகும்போது ஒரு பொம்பளையைக் கிளம்பச் சொல்வது பாவமாச்சே! வெகுநேரம் மண்டையைச் சொறிந்துவிட்டு, அவள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எல்லைக்கல்லை இந்தப் பக்கம் நகர்த்திவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அவள் வீட்டுக்கும் இருளப்பன் வீட்டுக்கும் ஒரே சுவர். நடுவில் கல் நட இடமில்லாததால் இருளப்பன் வீட்டையும் தாண்டி நட்டார்கள்.

மறுநாள் இருளப்பன் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தான்.

"ஐயையோ, வெளியூர்க்காரன்!" என்று அலறினார் மாசிலாமணி.

"அவன் என் மச்சான்ணே," என்றான் பேச்சியப்பன். இப்போது கல்லை ஒட்டியிருந்தது அவன் வீடுதான்.

"பார்த்தீங்களா? கல்லுப் பக்கத்துல குடியிருந்தாலே புத்தி கெட்டுப்போகுது!"

கல் பேச்சியப்பனைத் தாண்டியது. அவனுக்காக அவனுடைய அடுத்த வீட்டுக்காரர் பரிந்து பேசினார், அவரையும் தாண்டியது. இப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசியில் மாசிலாமணி வாசலிலேயே வந்து நின்றது. கிணறு அந்தப் பக்கம். தண்ணீர் எடுக்கப் போன அவர் பெண்டாட்டி பொன்னுத்தாயியும் அந்தப் பக்கம்.

"இப்பத்தான் ஊரு நிம்மதியாச்சு," என்று உட்கார்ந்தார்.

உச்சிவெயில் ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வயிறோ கபகபவென்று எரிந்தது. வேறு வழியில்லாமல் கல்லருகே வந்து கைகூப்பினார்.

"ஐயா, நான் உள்ளே வரலாமா?"

அந்தப் பக்கம் உடனே கூட்டம் போட்டார்கள்.

"வெளியூர் ஆளு. எனக்குப் பயமா இருக்கு," என்றான் இருளப்பன். இப்போது வேலம்மாவுக்கு அடுத்தபடி எல்லைக்கு ரொம்பத் தூரத்தில் இருந்தவன் அவன்தானே!

"நான் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணியிருக்கேன்," என்றாள் பொன்னுத்தாயி. "கொஞ்சம் கிறுக்கு. மத்தபடி ஒண்ணும் பண்ணாது."

"பக்கத்துல இருந்த உங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"பசிச்ச மனுஷனை நிக்க வச்சு என்னப்பா பேச்சு? வரட்டும்," என்று வேலம்மாதான் தட்டை நீட்டினாள்.

மாசிலாமணி வயிறு முட்டப் பணியாரம் தின்று, தண்ணீர் குடித்து, திருப்தியாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"அடியே பொன்னுத்தாயி! கல்லுக்கு அந்தப் பக்கம் பாருடி, ஒரு ஈ காக்கா இல்லை! அந்த ஊரு மொத்தமும் நம்ம ஊருக்குள்ள புகுந்துடுச்சு!"