குளத்தில் விட்ட ஃபைல்

கனகசபைச் சாமியின் மடத்தில் சீடர்கள் ஏழு பேர். அவர்களில் செண்பகவல்லி சாமியைவிடப் பதினான்கு வயது மூத்தவள். மார்பில் புற்றுநோய் வந்து அவள் பிழைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்தவர்கள் நோய்க்காலத்துப் பொருள் ஒன்றைக் குளத்தில் விட்டுவிடுவார்கள். விட்டதைத் திரும்பத் தொடக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்பு மடத்துக்கு வந்த புதிதில், செண்பகவல்லி தன் ஆஸ்பத்திரி ஃபைலை மஞ்சள் துணியில் கல்லோடு சேர்த்துக் கட்டி விட்டாள். அதன் பிறகு எந்த டாக்டரிடமும் போகவில்லை.

அந்த ஆவணி மாதம், பாறைமேல் இருக்கும் சன்னதிக்கு ஏறும்போது அவள் பாதியில் உட்கார ஆரம்பித்தாள்.

"அக்கா படி ஏறுதாளா, படியில குடியிருக்காளா?" என்றாள் சமையல்கட்டுப் பேச்சியம்மாள்.

"காத்து வாங்குதேன்டி."

காற்று போதவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. சாயங்காலங்களில் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

நான்காம் நாள் காலையில் சாமியைத் தேடிப் போனாள். அவர் கிணற்றடியில் வாளிச் சங்கிலியைக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சாமி, அது திரும்பி வந்துட்டுதோ?"

"எது?"

அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்தாள்.

"என்ன செய்யுது?"

மூச்சைச் சொன்னாள். கால் வீக்கத்தைச் சொன்னாள். மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்றாள்.

"டாக்டர்ட்ட போகலையா?"

"குளத்துல விட்டதைத் திரும்பத் தொடலாமா சாமி? நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா அது பின்னாலயே வந்துரும்."

சாமி சங்கிலியை அவள் கையில் கொடுத்தார். "தடவிப் பாருங்க."

நடுவில் நான்கு கண்ணிகள் அரித்துக் கம்பியாய் இளைத்திருந்தன.

"மூணு வருஷத்துக்கு முந்தி இந்தக் கிணத்துல சாக்கடை கலந்துதே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? பாதி மடத்துக்குக் காமாலை. மாசக்கணக்கா பிளீச்சிங் பவுடர் கொட்டினாங்க. அப்புறம்தானே நின்னுச்சு."

"அந்தப் பவுடர் அரிச்சதுதான் இது. அப்ப ஒண்ணும் தெரியல. இப்பதான் தெரியுது."

"அப்ப பவுடர் போட்டது தப்பா?"

"போடலைன்னா இதைக் கேக்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க. சொல்ல நானும் இருந்திருக்க மாட்டேன்."

செண்பகவல்லி சங்கிலியைக் கீழே வைக்கவில்லை.

"உங்களுக்கு என்ன மருந்து குடுத்தாங்க?" என்று சாமி கேட்டார்.

"சிவப்பு மருந்து. நரம்புல நாலு தடவை ஏத்துனாங்க. பிறகு இடது பக்கம் கரண்ட் வச்சாங்க, கதிர் சிகிச்சைன்னு."

"கடைசியா டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"கட்டி இல்லைன்னாங்க."

"அப்புறம்?"

பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைவில் வைத்திருந்தாள்.

"இருதயத்தையும் சர்க்கரையையும் விடாம பாத்துக்கிடணும்னாங்க. அந்த மருந்து பின்னால இருதயத்துல வேலையைக் காட்டலாமாம். எழுதியும் குடுத்தாங்க."

"எங்க அது?"

"ஃபைல்ல."

சமையல்கட்டு வாசலில் நின்ற பேச்சியம்மாள் சிரிக்கப் போய், சாமியின் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

"அன்னைக்கு விடச் சொன்னவன் நான்," என்றார் சாமி. "உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்காம சொன்னேன். தப்பு என்னோடது."

நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறம் எழுதினார். சிவப்பு மருந்து, நான்கு தடவை. இடது பக்கம் கரண்ட். மூச்சு. கால். மூன்று தலையணை.

"இதை டாக்டர்ட்ட காட்டுங்க. மிச்சத்தை அவங்க தேடி எடுப்பாங்க."

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"பயமா இருக்கு சாமி. எட்டு வருஷமா உங்ககிட்ட இருக்கேன். பயமில்லாம போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் சாமி. "ஒம்பதேகால் வண்டி பயந்தவங்களையும் ஏத்திக்கிடும். செருப்பை மாட்டுங்க, நானும் வாரேன்."