மேடையில் ‘கட்’ சொல்வது யார்?

“மேடையில நான் தப்பு பண்ணிட்டா யார் ‘கட்’ சொல்லுவாங்க?” என்று கேட்டாள் வினிஃப்ரெட்.

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நியூயார்க் நாடக மேடையில் தொடங்கி, ஹாலிவுட் கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியவள் அவள். படம் படமாக நடித்தாள். ஊரெல்லாம் அவள் முகம்தான். ஐம்பதைத் தொட்டதும் சினிமா அவளைச் சுத்தமாக மறந்துவிட்டது. இப்போது பழைய மேடைக்கே வந்து நிற்கிறாள். இதுவும் கவிழ்ந்தால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை.

அவள் கேட்டது ஓட்டிலியிடம். நாடகத்தின் இயக்குநர் ஓட்டிலி; இவள் வயதுதான். அதே நாடகத்தில் வேலைக்காரியாகவும் நடிக்கிறாள். சினிமாப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள்.

ஓட்டிலி வேலைக்காரியின் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

ஒத்திகையில் ஓர் இடம் வினிஃப்ரெட்டைப் படுத்தி எடுத்தது. கணவனை வீட்டை விட்டுத் துரத்தும் இடம். ஒரே வார்த்தைதான். அது உயிரில்லாமல் வந்தது. கையைத் தூக்கி, இன்னொரு தடவை என்பாள். மறுபடியும் தூக்குவாள்.

கணவனாக நடித்த ஆஸ்கருக்குக் கதவுக்கு நடந்து நடந்தே கால் ஓய்ந்தது. அவன் முறையிட்டும் ஓட்டிலி அவளைத் தடுக்கவில்லை.

நாடகத்தின் முதல் நாள் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் மேடைக்கு வந்ததுமே கைதட்டல். வினிஃப்ரெட்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டு எங்கே போனோம் என்றிருந்தது.

அந்த இடம் வந்தது. ஆஸ்கர் கதவருகே போய் நின்றான்.

“போயிடு.”

அதே செத்த குரல். அவளுக்கே பிடிக்கவில்லை. பழக்கம் விடுமா? கை தானாக மேலே போனது.

“நிறுத்துங்க. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்.”

சொன்ன பிறகுதான் எதிரே இருட்டில் அத்தனை பேர் உட்கார்ந்திருப்பது உறைத்தது. யாரோ இருமினார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அப்போது வேலைக்காரி தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்தாள். அவள் வரவேண்டிய நேரமே இல்லை அது.

மேடை நடுவில் நின்றாள். தட்டைக் கீழே விட்டாள்.

பீங்கான் கோப்பைகள் நொறுங்கி நாலாபக்கமும் தெறித்தன.

“இதையும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமா அம்மா?”

ஓட்டிலியின் குரலில் கோபமே இல்லை. எஜமானியிடம் வேலைக்காரி கேட்கிற பணிவுதான் இருந்தது.

வினிஃப்ரெட் சில்லுகளைப் பார்த்தாள். மண்டியிட்டுப் பொறுக்கத் தொடங்கினாள். நாடகத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆஸ்கர் பதறிப்போய்க் கதவை விட்டு வந்து, உதவக் குனிந்தான்.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“போயிடு.”

ஆஸ்கர் கதவருகே மாட்டியிருந்த தொப்பியைக்கூட எடுக்காமல் போனான்.