பேச்சிமுத்துவின் முகம்

கோமதிநாயகம் அந்த ஆளை நூறு படத்துக்குமேல் எடுத்திருந்தான். ஒன்றில்கூட முகம் இல்லை.

கை இருந்தது. சுண்ணாம்பு அப்பி வெடித்த பாதம் இருந்தது. புகைக்குள் வளைந்த முதுகு இருந்தது. இறங்குகிற சூரியனுக்கு எதிரே நிறுத்தி எடுத்த கறுப்பு உருவம் இருந்தது. முகம்தான் இல்லை. ஆளும் இப்போது இல்லை.

பேர் பேச்சிமுத்து. பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் வேலை. கல்லை அடுக்குவார், எரிப்பார், வெந்ததை இறக்குவார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அவர் பெண்சாதி இசக்கியம்மாள் விசாரித்து விசாரித்து, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தாள். ஸ்டுடியோ ஆவுடைச்செல்வியுடையது. பாஸ்போர்ட் படம், விண்ணப்பப் படம், சட்டம் போட்ட படம். நாயகம் அவளிடம்தான் தொழில் கற்றான். இப்போதும் பகலில் அங்கேதான் இருப்பான்.

அவனுக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. ஆனாலும் "அக்கா" என்பான். அவள் அவனை "அண்ணாச்சி" என்பாள். தெருவே சிரிக்கும். இரண்டு பேரும் கண்டுகொண்டதில்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவன் நாயகம். சம்பள வேலை இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். எல்லா வகைப் படமும் ஒரு தொகுப்பாகக் கையில் இருந்தால்தான் பெரிய இடத்தில் வேலை கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கல்யாணம் எடுத்தான். பிரியாணித் தட்டு எடுத்தான். நகைக்கடை வளையல், ஆள் குடிவராத புது வீடு, கூடைக்குள் தூங்குகிற கைக்குழந்தை, தேர்ச் சக்கரம். உழைக்கிற மனுஷன் என்று ஒரு வகை குறைந்தது. காளவாசலுக்குப் போனான். முகம் காட்டாத படத்துக்குத்தான் இப்போது மவுசு என்று அதையும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

சொல்கிறவர்களுக்கு என்ன.

"சார், அவரு படம் ஒண்ணு தாங்க. பதினாறாம் நாளு சட்டம் போட்டு வைக்கணும்" என்றாள் இசக்கியம்மாள்.

நாயகம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஆமா, அவரு கைதான்."

அடுத்த படம்.

"முதுகு. அவருதான்."

அடுத்தது.

"இந்தக் கறுப்பா நிக்கது யாரு?"

"அவர்தாம்மா."

"மூஞ்சி எங்க?"

நாயகம் தள்ளிக்கொண்டே போனான். கை, கால், புகை, முதுகு. கடைசிப் படம் வந்தது. பிறகு முதல் படமே திரும்ப வந்தது.

"மூஞ்சி தெரியுத மாதிரி ஒண்ணு எடுத்துத் தாங்கன்னு உங்ககிட்ட கேட்டாராமே" என்றாள் அவள். "அடுத்த தடவைன்னு சொன்னியளாம். சட்டையைத் தேச்சு வச்சிருந்தாரு. நீங்க வருவியன்னு."

"வேற படமே இல்லையாம்மா?"

"கல்யாணப் படம் வெள்ளத்துல போச்சு. ஓட்டு அட்டைல ஒண்ணு இருக்கு. அதுல எனக்கே அடையாளம் தெரியாது."

அட்டையை முந்தானையிலிருந்து எடுத்து வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அதில் இரண்டு கண் இருக்கலாம் போலிருந்தது.

"ரெண்டு நாள் குடுங்கம்மா. செஞ்சு தாரேன்" என்றான் நாயகம்.

ஆவுடை அடுத்த மேஜையில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

செய்தான். அட்டையின் கறையைப் பெரிதாக்கினான். புகைக்குள் பாதி தெரிந்த காதை எடுத்து ஒட்டினான். தாடையை ஊகித்தான். கண்ணுக்கு வெளிச்சம் வைத்தான். சோறு தண்ணி மறந்து செய்தான். முடிந்தபோது ஒரு முகம் இருந்தது. நல்ல முகம்.

இசக்கியம்மாள் வந்து பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இது யாரு சார்?"

நாயகம் ஓட்டு அட்டையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தாலுகா ஆபீசரு மாதிரி இருக்காரு." தாளை மேஜைமேல் பதனமாக வைத்தாள். "விடுங்க சார். ஒரு செம்புல தண்ணி வச்சுக் கும்பிட்டுக்கிடுதேன். உங்கள ஒண்ணும் சொல்லல."

அவள் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

வாசல்படியில் நின்று திரும்பினாள். "எங்க கொழுந்தனாரப் பாத்தா அவரப் பாத்த மாதிரியே இருக்கும். ரெண்டு பேரும் ஒரே அச்சு. அந்த மூஞ்சியும் எங்க வீட்டுப் பக்கம் வாரதில்ல." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாயகம் கம்ப்யூட்டரை அணைத்தான். கேமராவைப் பைக்குள் வைத்தான். லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான்.

"என்ன பண்றீங்க அண்ணாச்சி?"

"வித்துடப் போறேன் அக்கா."

"வித்துட்டு?"

"பழைய ஆபீஸ்ல போய் நிக்கேன். பியூன் வேலை குடுத்தாக்கூடப் போதும்."

"கேமரா போனா அந்தம்மாவுக்கு முகம் வந்துருமா?"

"வராது."

"பிறகு?"

"அந்த மனுஷன் என்கிட்ட எத்தனை தடவை கேட்டாரு தெரியுமா. வெளிச்சம் போயிட்டுதுன்னு சொன்னேன். வெளிச்சம் இருந்துது அக்கா. எனக்கு அது தேவைப்படல." பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "நான் இனி என்னதான் செய்ய?"

ஆவுடை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது ஆட்களை உட்கார வைக்கிற மர நாற்காலியைக் காட்டினாள்.

"அத எடுங்க."

அவன் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டான். அவள் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கியதும் டீக்கடையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"என்னக்கா, ஸ்டுடியோவக் காலி பண்ணிட்டியளா? அண்ணாச்சி தலைல ஏத்தி விட்டுருக்கிய?"

"உம்ம வேலையப் பாரும்" என்றாள் ஆவுடை.

ஆற்றுக்கு அந்தப்புறம், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்து. அதில் பலவேசம் வீடு. பேச்சிமுத்துவின் தம்பி. பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கிறவன். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

நாயகத்தின் கையிலிருந்து நாற்காலி நழுவப் பார்த்தது. கனத்த புருவம், உள்வாங்கிய கன்னம், எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டது போன்ற வாய். அந்த முகத்தை அவன் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான்.

ஆவுடை விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. உங்க அண்ணனுக்குப் படம் இல்ல. உங்க முகம் வேணும். சட்டம் போட்டு மாலை போடுறதுக்கு.

உள்ளேயிருந்து பலவேசத்தின் பெண்சாதி பாய்ந்து வந்தாள்.

"உசிரோட இருக்க மனுஷனுக்கு மாலை போடவா? என் தாலிய அறுக்கவா நாற்காலி தூக்கிட்டு வந்திய? நல்லா இருப்பியளா நீங்க?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட்டால் ஆயுசு போகும் என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஏட்டி, சும்மா இரு" என்றான் பலவேசம். ஆவுடையைப் பார்த்தான். "தாயிக்கு இளையவன் கொள்ளி வைக்கணும். அதாம் முறை. அப்போ வேலை பாத்த சூரத்துலேருந்து நான் ரயிலேறி வாரதுக்குள்ள அவனே வச்சுட்டான். இன்னும் ஒரு பகல் காத்திருக்க முடியல எங்க அண்ணனுக்கு. வந்து சாம்பலத்தான் பாத்தேன். என் கொள்ளிய அவன் எடுத்துக்கிட்டான். இப்போ அவன் மாலைய நான் வாங்கிக்கிடணுமாக்கும்?"

"போயிரலாம் அக்கா" என்றான் நாயகம் மெல்ல.

ஆவுடை நாற்காலியை அவனிடமிருந்து வாங்கி வாசலில் போட்டாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்பினாள்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

"நானா?"

"ஆமா. ஒரு முகம்தான வேணும். வயசும் கிட்டத்தட்ட ஒத்துவரும். மிச்சத்தக் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிடுவோம்."

"அக்கா..."

"உக்காருங்க."

நாயகம் நாற்காலிப் பக்கம் போனான். கைப்பிடியைத் தொட்டான். எத்தனை பேரை அதில் உட்கார வைத்திருக்கிறான். தலையை நிமிர்த்துங்க, தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க. கழுத்தில் ஈரமாக எதுவோ விழுந்தது போல இருந்தது. வேர்வைதான். வீட்டில் பிள்ளைகள் ஞாபகம் வந்தது.

நின்றுகொண்டே இருந்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டான் பலவேசம்.

"இருக்கு."

"எங்க அண்ணன எத்தனை தடவை நிக்க வச்சீரு?"

"நெறய தடவை."

"படம் கேட்டானா அவன்?"

"கேட்டாரு. போறப்பல்லாம் கேட்டாரு."

"குடுத்தீரா?"

"இல்ல."

பலவேசம் குனிந்து குழாயை மூடினான்.

"பெத்த தாயப் போட்டுக்கிட்டு ஒரு பகல் காத்திருக்காதவன்" என்றான், யாரையும் பார்க்காமல். "உம்மகிட்ட வந்து காத்துக் கெடந்திருக்கான்."

பெண்சாதி அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான். உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். நாயகத்தை ஒதுங்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவன் நேரா உக்கார மாட்டான். இடது பக்கம் தலை கொஞ்சம் சாயும்." சாய்த்துக் காட்டினான். "வாய மூடியும் மூடாமயும் வச்சிருப்பான். சரியா இருக்கா?"

பெண்சாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆவுடை கேமராவை நாயகத்திடம் நீட்டினாள். அவன் வாங்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"போதும்" என்றான் பலவேசம். எழுந்து சட்டையைக் கழற்றினான். "நான் அங்க வரமாட்டேன். சொல்லிட்டேன்."

பதினாறாம் நாள் இசக்கியம்மாள் வீட்டில் கூட்டம் அதிகமில்லை. நாயகம் சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். ஆவுடை கூட வந்தாள். இசக்கியம்மாள் துணியை அவிழ்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

"மைனின்னு என்னக் கூப்பிட்ட கொழுந்தனாரு வாயாக்கும் இது" என்றாள்.

"ஆமாம்மா" என்றான் நாயகம்.

"மாலைக்குன்னு தெரிஞ்சேவா உக்காந்தாரு?"

"தெரிஞ்சேதான்."

அவள் படத்தைச் சுவரோரம் மணைமேல் சாய்த்து வைத்தாள். விளக்கேற்றினாள். மாலையை எடுத்தாள். சட்டத்துக்கு மேலே கொண்டுபோன கையை நிறுத்தினாள். கீழே இறக்கி, படத்துக்கு முன்னால் தரையில் வளைத்து வைத்தாள்.

"கழுத்துல வேண்டாம். அவரு நல்லா இருக்கட்டும்."

பிறகு அழுதாள். படத்தைப் பார்த்து அழுதாளா, படத்தில் இல்லாதவரை நினைத்து அழுதாளா என்று நாயகத்துக்குத் தெரியவில்லை. பேச்சிமுத்துவின் முகம் போனது போனதுதான். அதை இனி யாரும் எடுக்க முடியாது.

மறுநாள் ஸ்டுடியோவில் அவன் தன் படத் தொகுப்பைப் பிரித்து உட்கார்ந்தான். காளவாசல் படங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். கை. பாதம். புகை. கறுப்பு உருவம். அந்த இடம் காலியாகக் கிடந்தது.

"அக்கா. நேத்து வச்ச படத்த இதுல வைக்கலாமா?"

"உக்காந்தவர்ட்ட கேட்டீங்களா?"

"காலைல போய்க் கேட்டேன். வச்சுக்கிடும்னாரு."

"அந்தம்மாட்ட?"

"கேட்டேன். சரின்னாங்க."

"அப்போ வைங்க."

வைத்தான். ஒவ்வொரு படத்தின் கீழேயும், எடுத்தவன் என்று தன் பேரைப் போடுவது அவன் வழக்கம். பேனாவைத் திறந்தான். தாளில் வைத்தான். நகரவில்லை.

"இதுக்குக் கீழ யாரு பேரப் போட அக்கா?"

ஆவுடை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகம் குடுத்தவரு பேர. பலவேசம்."