வாய் திறவாத வாயிற்காவலாளி

இக்கதையை 1987இல் சாத்தூர் ஒப்பனைக்காரர் இருளாண்டியிடம் கேட்டேன்.

பள்ளி நாடக ஆசிரியர் தில்லைநாயகம் வகுப்புக் கதவில் இரண்டு விதிகளை ஒட்டியிருந்தார்: தாமதமாக வருபவருக்கு அனுமதியில்லை; வேடமிட்டவர் ஒத்திகை முடியும்வரை வேடத்தைக் கலைக்கக்கூடாது. வசனமுள்ள வேடம் கேட்ட மாணவி சீனியம்மாளிடம், "உனக்கு வாயிற்காவல்தான். வாயைத் திறக்காம, நின்ன இடத்தைவிட்டு நகராம, அரங்கமே உன்னைப் பாக்கும்படி நில்லு பாப்போம். முடியலேன்னா வகுப்புப் பக்கமே வராதே" என்றார்.

மறுநாள் வகுப்பில் நடந்த ஒத்திகைக்கு அவரே தாமதமாக வந்தார். காவலாளி வேடத்திலிருந்த சீனியம்மாளின் வேல் வாசலுக்குக் குறுக்கே நின்றது.

"ஏய், நான் வாத்தியார்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் இமைக்கவில்லை. அரங்கமே அவளையே பார்த்தது. ஆசிரியர் கதவிலிருந்த தம் விதிகளைப் படித்தார். கைகட்டி வெளியிலேயே நின்றுவிட்டார்.

பின்னர் அவளுக்கு அரச வேடம் கிடைத்தது என்பர் இதே கதையைச் சொல்லும் கோவில்பட்டியார். இருளாண்டி அதை ஏற்கவில்லை: "நாடகத்தன்னைக்கும் காவலாளியாத்தான் நின்னா, ஐயா. ராசாவை ஒருத்தரும் பாக்கலே."