பிஸ்கட் டின்னில் இருந்த டிஸ்க்

குரு சீடனைவிட இளையவர்.

மதுரையில் ஒரு மாடியறை. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்கும் கடை. குருவின் பெயர் ஜமாலுதீன். சீடன் சவரிமுத்து கல்யாண வீடியோ எடுத்தே நரைத்தவர். ஸ்டுடியோவை மூடிய பிறகு இங்கே தொழில் கற்க வந்தார். அவர் குருவை மாஸ்டர் என்பார். குரு அவரை அண்ணே என்பார்.

ஒரு காலையில் சவரிமுத்து ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். எதில் செருகினாலும் கம்ப்யூட்டர் இதைக் காட்டவில்லை என்றார்.

"யாரோடது?"

"என்னோடதுதான்."

உள்ளே என்ன இருக்கிறது என்று குரு கேட்டார். தம்பி மகள் பெல்சியா புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளின் வீடியோ என்றார் சவரிமுத்து. அன்று மாதா கோயிலில் அவள் தனியாகப் பாடினாள். போன மாதம் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். அவள் பாடியதை வேறு யாரும் எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. தம்பி கையில் கொடுக்க வேண்டும்.

குரு கேபிளை மாற்றினார். வேறு கம்ப்யூட்டரில் செருகினார். பிறகு டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, கரண்ட் மட்டும் கொடுத்துச் சும்மா விட்டார். சில டிஸ்க் அப்படி விட்டால் எழுந்துகொள்ளும் என்றார்.

டீ வந்தது. சவரிமுத்து குடிக்கவில்லை. டிஸ்க்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, காய்ச்சலா பாக்குறீங்க?"

கேட்ட பிறகு குரு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுபடி செருகியபோது திரையில் டிஸ்க் வந்தது. பெயர் இருந்தது. கொள்ளளவு பூஜ்யம் என்றிருந்தது. புதிதாகத் தயார் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சவரிமுத்துவின் கை மௌஸுக்குப் போனது. குரு அதைத் தள்ளிவிட்டார். மிச்சம் ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும் என்றார்.

சென்னையில் சிப்பைப் பிரித்துப் படிக்கும் ஒருவரிடம் போனில் பேசினார். அவரும் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

சவரிமுத்து கேட்டார்.

"கீழ விழல. தண்ணி படல. வெளிய எடுக்கவே இல்ல. பிறகு எப்படி மாஸ்டர் செத்துச்சு?"

"எங்க வச்சிருந்தீங்க?"

காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கேசட்டை எல்லாம் அப்படித்தான் காப்பாற்றினோம் என்றார்.

"இது கேசட் இல்லண்ணே. கரண்டே காட்டாம வருஷக்கணக்கா போட்டு வச்சா, உள்ள இருக்கறது தானா வடிஞ்சுரும். சிலது தாங்கும். இது தாங்கல."

குரு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் பூட்டி வச்சீங்க?"

சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவில் பங்கு பிரித்தபோது தம்பி தெருவில் வைத்து அவரைத் திருடன் என்று சொன்னான். பிறகு அதே தம்பி வீடியோ கேட்டு ஆள் அனுப்பினான். அந்த வருஷமே ஒருமுறை மகளையே அனுப்பினான். உங்கப்பனை வந்து என் வாசலில் நிற்கச் சொல், அப்புறம் தருகிறேன் என்று சவரிமுத்து அவளைத் திருப்பி அனுப்பினார். தம்பி வரவே இல்லை.

"அந்தச் சொல்லு இன்னும் எனக்கு ஆறல மாஸ்டர்."

குரு திரையை அணைத்தார்.

நாளைக்கு வெறுங்கையோடு எப்படிப் போவேன் என்றார் சவரிமுத்து. மாஸ்டரே தம்பிக்கு போன் செய்ய வேண்டும், டிஸ்க் மட்டமான சரக்கு, கம்பெனிக் கோளாறு என்று சொல்ல வேண்டும், மெக்கானிக் சொன்னால் அவன் நம்புவான் என்றார்.

குரு டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் வைத்தார். தன் போனை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்க. பிள்ளை வந்து கேட்ட அன்னிக்கு இது நல்லா இருந்துச்சு. அதையும் நானே சொல்லிரட்டுமா?"

சவரிமுத்து நம்பரைச் சொல்லவில்லை.