சிவப்பில் நின்ற சகலைகள்

கோணக்கரைப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. இருந்தால்தானே பஞ்சம் வருவதற்கு! அந்த ஊரில் அக்கா தங்கச்சி மூன்று பேரைக் கட்டிய சகலைகள் மூவர், ஒரு குட்டியானை வண்டியை வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு நாற்காலியும் பாத்திரமும் ஏற்றிப் பிழைத்து வந்தார்கள். மூத்தவர் தவமணி. யோசிப்பது அவர் பொறுப்பு. நடு சகலை ஒச்சப்பன்தான் டிரைவர். மூவரில் லைசென்ஸ் வைத்திருந்தவன் அவன் ஒருவனே. கடைசி பால்ச்சாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மற்ற இருவருக்கும் அதுவும் வராது.

ஒருநாள் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, எங்கயும் நிக்காம நேரா போ" என்று அவர்களை விரட்டினார். ஒச்சப்பன் சொன்ன சொல் தட்டாதவன். டவுன் நாலு ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கேயும் நிற்காதவன் அங்கே மட்டும் நிற்பானா? போக்குவரத்து ஏட்டு விசிலை ஊது ஊது என்று ஊதினார். கல்யாணத்துக்குத்தான் ஊதுகிறார் என்று நினைத்து, பால்ச்சாமி அவருக்குக் கையாட்டினான்.

லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். "மூணு மாசத்துக்கு நீ வண்டியை ஓட்டவே கூடாது" என்றார் ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரி.

மூவரும் வண்டி நிழலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ஓட்டத்தான சகலை கூடாதுன்னாரு? மாடு இழுத்தா?" என்றார் தவமணி.

"மாடு இழுத்தா அது மாட்டு வண்டியாச்சே" என்றான் ஒச்சப்பன்.

"மாட்டு வண்டிக்கு எவன் லைசென்ஸ் கேக்குறான்?" என்று முடித்து வைத்தான் பால்ச்சாமி.

குட்டியானைக்கு முன்னால் இரண்டு காளைகளைப் பூட்டினார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டால் ஓட்டியதாக ஆகிவிடும் என்று உள்ளே ஒருவரும் ஏறவில்லை. அந்தக் காளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி ஊருணிக்குப் போகிற வழி. ஐம்பது நாற்காலியும் ஓர் அண்டாவும் அன்றைக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. அதற்குப் பிறகு அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் கைக்கு வந்தது. அந்தச் சமயம் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேனுக்கு டிரைவர் தேடினார்கள். டிரைவரின் பிள்ளைக்கு அங்கே படிப்பு இலவசம். ஒச்சப்பன் மகள் தேன்மொழிக்கு ஐந்து வயது. வேனில் போகும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அவள் தன் கால் இரண்டிலும் கரியால் ஷூ வரைந்துகொண்டு நின்றாள். அதைக் கண்ட நாளிலிருந்து ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டாளாக இருந்தாலும் தகப்பன் தகப்பன்தான்.

மூவருமாகப் போய் நின்றார்கள். பள்ளி மேனேஜர் லைசென்ஸ் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "சிவப்பு விளக்கில் நிற்காமல் சென்றார், மூன்று மாதம் முடக்கம்" என்று வந்தது.

"அதான் முடிஞ்சு போச்சே சார்" என்றான் ஒச்சப்பன்.

"தண்டனை முடிஞ்சுதுப்பா. பதிவு எங்க முடியும்? அது பாட்டுக்கு இருக்கும். இன்னொரு தப்புப் பண்ணினா, பழசையும் சேர்த்துப் பார்த்து லைசென்ஸையே ரத்து பண்ணிடுவாங்க." ஆள் போனால் போதும் என்று மேனேஜர் மேலும் ஒன்று சொன்னார். "இதுக்குக் கீழ நல்லதா நாலு வரி ஏத்திக் கொண்டா, பார்க்கலாம்."

சகலைகள் அப்படியே ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனார்கள்.

"சார், நல்லதா நாலு வரி ஏத்தி விடுங்க."

கிளார்க் தன் இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை. "நல்லதை எழுத இதுல கட்டமே கிடையாதுய்யா. தப்புக்குத்தான் கட்டம்."

"எங்க சகலை பதினாறு வருசமா சிவப்புல நின்னவன் சார்" என்றார் தவமணி. "நிக்காத ஒரு நாள எழுதிட்டீக. நின்ன பதினாறு வருசத்த ஏன் எழுதல?"

முட்டாள் வாயிலிருந்து எப்போதாவது நியாயமான கேள்வி வந்துவிடும். ஆபீஸில் நியாயமான கேள்விக்கு ஒரே பதில்தான். "அது எங்க செக்‌ஷன் இல்ல. டிராபிக் போலீஸ் மெஷின்ல ஏத்தினாத்தான் இங்க வரும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாலு ரோட்டுக்குப் போனார்கள். பச்சை எரிந்தது. ஒச்சப்பன் வண்டியை நிறுத்தினான்.

"பச்சையில ஏன் சகலை நிக்கிற?"

"பச்சையில போயிட்டா சிவப்புக்கு எப்படி நிக்கிறது?"

தவமணி அவனைப் பெருமையோடு பார்த்தார். யோசிக்கும் பொறுப்பு கைமாறிப் போய்விடுமோ என்று உள்ளுக்குள் லேசாகப் பயமும் வந்தது.

சிவப்பு விழுந்தது. பால்ச்சாமி ஓடிப்போய் அந்தப் பழைய ஏட்டையே கையோடு கூட்டி வந்தான்.

"சார், நின்னுட்டோம். மெஷின்ல ஏத்துங்க."

"நின்னா சரி. பச்சை விழுந்ததும் கிளம்பு."

பச்சை விழுந்தது. வண்டி அசையவில்லை.

"எழுதாம எப்படி சார் கிளம்புறது?" என்றார் தவமணி. "சிவப்புல நின்னவன் பச்சையில போயிட்டா, நின்னதுக்கு யாரு சாட்சி?"

ஏழு பச்சையும் ஏழு சிவப்பும் வந்து போயின. பின்னால் வண்டி வரிசை மார்க்கெட்டைத் தாண்டிவிட்டது. நாலு பக்கமும் ஹாரன் காதைக் கிழித்தது.

"எதுக்கு இம்புட்டுச் சத்தம்?" என்றான் ஒச்சப்பன்.

"நல்லது நடக்கிறப்ப ஊதத்தான செய்வாக" என்றான் பால்ச்சாமி.

"எழுதித் தொலைக்கிறேன்யா!" என்று ஏட்டு மெஷினை எடுத்தார். சீட்டு வந்தது. பால்ச்சாமி எழுத்துக் கூட்டினான். "சிக்... ன... லில்... நின்று..." அவ்வளவுதான், மற்ற இருவரும் அவனை அப்படியே தூக்கிக்கொண்டார்கள். அடுத்த வார்த்தைகள் "போக்குவரத்துக்கு இடையூறு செய்தார்" என்பவை. அதையெல்லாம் யார் படித்தது? ஒச்சப்பன் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் ஆர்டிஓ ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை பால்ச்சாமி கடைசி எழுத்து வரை படித்தான். இரண்டு குற்றம் சேர்ந்ததால் லைசென்ஸ் அடியோடு ரத்து.

"எம் புள்ளைக்கு இனிமே கரிதான் ஷூவா?" என்று ஒச்சப்பன் தேம்பித் தேம்பி அழுதான். சகலைகள் இருவரும் கூடவே அழுதார்கள். திடீரென்று தவமணி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

"சகலை, அந்தப் பதிவு எதுல இருந்துச்சு?"

"லைசென்ஸ்ல."

"லைசென்ஸ் இப்ப எங்க?"

"இல்ல."

"அப்ப பதிவு?"

மூவரும் சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.

மேனேஜர் அதே எண்ணைத் தட்டினார். "இந்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை" என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். அதேதான் வந்தது.

"நல்லதா நாலு வரிதான் கேட்டேன். நீ கெட்டதையே துடைச்சிட்டு வந்துட்டியேப்பா! இவ்வளவு சுத்தமான டிரைவரை இந்தக் கம்ப்யூட்டர் இதுவரைக்கும் காட்டினதில்ல" என்று சொல்லி வேன் சாவியைக் கொடுத்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. தேன்மொழி நிஜ ஷூ போட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாலு ரோட்டில் சிவப்பு எரிந்தது. ஒச்சப்பன் ஒழுங்காக வேகத்தைக் குறைத்தான். ஏட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய் நடு ரோட்டுக்கு ஓடி வந்து, மற்ற மூன்று பக்கத்தையும் கைகாட்டி நிறுத்தினார்.

"யப்பா சாமி, இங்க நிக்காத! எங்கயும் நிக்காம நேரா போ!"

ஒச்சப்பன் சொன்ன சொல் தட்டாதவன். பள்ளிக்கூட வாசலில் மேனேஜர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னால் ஓடினார். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் அவருக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.