திருமேனியின் பச்சரிசி

காளவாசல் சாமிக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். நன்றாகவே வரும். ஊருக்கு வெளியே, அணைந்துபோன ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் குடியிருந்த அந்த மனிதரைப் பிற்பாடு சாந்த சொரூபி என்று படம் எழுதி மாட்டினார்கள். அவரிடம் நேரில் வசவு வாங்கியவர்கள்தான் அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள்.

அவருக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருந்தவர்களில் பெரிய ஆள் திருமேனி. சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊரின் ஒரே அரிசி மண்டி அவருடையது. வெள்ளிக்கிழமைதோறும் வில்வண்டியில் வருவார். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு நடந்து வந்து சாமியின் முன்னால் உட்காருவார். பக்தி உண்மையானதுதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அது மழை பொய்த்த இரண்டாவது வருஷம். கிணறுகளில் பாறை தெரிந்தது. வயலில் வேலை இல்லை, கூலித்தெருவில் அடுப்பு எரியவில்லை. திருமேனியின் கிடங்கில் மட்டும் மூட்டைகள் கூரையைத் தொட்டன. விலை இன்னும் ஏறட்டும் என்று அவர் கிடங்கைப் பூட்டி வைத்திருந்தார். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டில் அரிசி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு கேள்வியோடு வந்தார்.

“சாமி, என் கை எவ்வளவோ கொடுக்கிறது. மனசு மட்டும் நிறைய மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?”

“என்ன கொடுக்கிறீர்?”

திருமேனி அடக்கமாகத்தான் சொன்னார். கோயில் விளக்குக்கு எண்ணெய், தேருக்கு வடம், திருவிழாவுக்கு நீர்மோர். கடைசியாக, தனக்கு மிகவும் பிடித்ததைச் சொன்னார். கூலித்தெருவில் யார் செத்தாலும் வாய்க்கரிசிக்குப் பச்சரிசி அவருடைய மண்டியிலிருந்துதான் போகும். அப்பா காலத்து வழக்கம். ஒரு குறுநொய்கூட இல்லாத அரிசி. பித்தளைப் படியில் தலை தட்டாமல் அளந்து, வெள்ளைத் துணியால் மூடி ஆளிடம் கொடுத்தனுப்புவார். ஒரு காசு வாங்குவதில்லை.

“அந்தத் தெருவில் ஒரு பிணம்கூட வெறும் வாயோடு போனதில்லை, சாமி” என்றார்.

“இந்த வருஷம் நிறையப் போயிருக்குமே?” என்றார் சாமி.

“ஆமாம், பாவம். போன மாசமெல்லாம் படி மண்டிக்குத் திரும்பி வரவே நேரமில்லை.”

“எதனால் செத்தார்கள்?”

திருமேனி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். காய்ச்சல் என்கிறார்கள், வயிற்றுப்போக்கு என்கிறார்கள், எதுவானாலும் அவனவன் வினை என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

சாமி வினையைப் பற்றிப் பேசவில்லை. இருளப்பனை நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவில்லாமல் என்ன? மண்டியில் வருஷக்கணக்காக மூட்டை தூக்கியவன். தை மாசம் பலகை சறுக்கி, மூட்டையோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். அதோடு மண்டிக்கு வரவில்லை. நல்ல வேலைக்காரன் என்று திருமேனி மனசாரப் பாராட்டினார்.

“நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்” என்றார் சாமி. “உலை வைத்து வெகு நாளாகிறது. என் பிச்சைச் சோற்றைக் கொடுத்தேன். அது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஆளுக்கு ஒரு வாய்கூட வரவில்லை. அந்த உடம்பு இனித் தாங்காது.”

“படுத்திருக்கிறவனுக்குச் சோறு போட்டால் நிற்கிறவனும் படுத்துக்கொள்வான், சாமி. அப்புறம் மண்டி நடத்த முடியுமா?”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. கடுகடுவென்று சொல்லியிருந்தால் யாராவது எப்போதாவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள்.

சாமி எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் வசவு எதுவும் வரவில்லை.

“இருளப்பன் வீட்டுக்குப் போக வேண்டும். அரிசி எடுத்துக்கொண்டு வாரும். ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். உம் கையாலேயே.”

“அடடா” என்று திருமேனி பதறி எழுந்தார். “எப்போது போனான்?”

சாமி பதில் சொல்லாமல் ஊரைப் பார்த்து நடந்தார். திருமேனி வண்டியில் ஏறச் சொன்னதுகூட அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மண்டியின் முன்கட்டில் ஒரு சிறிய மரத்தொட்டி இருந்தது. உள்ளே பச்சரிசி. கிடங்குக்குப் பூட்டு மேல் பூட்டு இருந்த அந்தக் காலத்தில் இந்தத் தொட்டிக்கு மட்டும் மூடிகூடக் கிடையாது. சாவு எந்த நேரத்திலும் வரலாம் அல்லவா? திருமேனியின் கை நேராகப் பித்தளைப் படிக்குப் போனது. கூம்பாக அளந்தார், வெள்ளைத் துணியால் மூடினார், மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தடுக்கவில்லை.

கூலித்தெருவின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். திருமேனியின் கையில் துணி மூடிய படியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதலாளி எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று மட்டும் பார்த்தாள். அவர் இருளப்பன் வீட்டுச் சந்தில் திரும்பினார். அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஐயோ என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்தார்கள். நடக்கத் தெம்பில்லாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஒப்பாரி வைத்தார்கள். ஒருவர் பாடைக்கு மூங்கில் எடுக்கப் போனார். இன்னொருவர் பறை அடிக்க ஆள் கூப்பிட ஓடினார். இருளப்பன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? திருமேனியின் அரிசி வந்திருக்கிறதே.

இருளப்பனின் மனைவி சீனியம்மா ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். அழுகை வந்த திசையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாசலில் படியோடு நின்ற திருமேனியைப் பார்த்ததும் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய், அவர் காலடியில் விழுந்தாள்.

“இப்பத்தானே மொதலாளி பேசிக்கிட்டு இருந்தாரு. ஒரு வாய் தண்ணி கொண்டாறேன்னு போனேன். அதுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாரே.”

திருமேனிக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை. எல்லாரும் ஒருநாள் போக வேண்டிய இடம்தான், மனசைத் தேற்றிக்கொள் என்று குனிந்து ஆறுதல் சொன்னார்.

அப்போது உள்ளே இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“சீனி, ஏன் அழுவுற? யாரு செத்தது?”

ஒப்பாரி நின்றது. நிலைக்காலைப் பற்றிக்கொண்டு இருளப்பன் தவழ்ந்து வாசலுக்கு வந்தான். ஒரு காலத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கிய உடம்பு. இப்போது எலும்பின் மேல் தோல் மட்டும் போர்த்தியிருந்தது. முதலாளியைக் கண்டதும் கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் பார்வை பித்தளைப் படிக்கும் அதன் மேலிருந்த வெள்ளைத் துணிக்கும் போனது.

“எனக்கா, மொதலாளி?” என்று கேட்டான்.

சீனியம்மா புருஷனின் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

திருமேனிக்கு முதலில் வெட்கமும் அப்புறம் கோபமும் வந்தன. கோபம் சாமியின் பக்கம் திரும்பியது.

“சாமி, இவன் உயிரோடு அல்லவா இருக்கிறான்? என்னை இப்படித் தெருவில் நிறுத்தலாமா?”

“செத்துவிட்டான் என்று நான் சொன்னேனா? அரிசி எடுத்து வாரும் என்றேன். அந்தப் படியை எடுத்தது உம் கை.”

சீனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். “குடுங்க மொதலாளி, கஞ்சி வச்சிருறேன். ஒரு மடக்கு உள்ள போனா அவரு தேறிக்கிருவாரு.”

“வேணாம்டி” என்று பக்கத்து வீட்டுக்காரி தடுத்தாள். “அது பொணத்துக்கு அளந்த அரிசி.”

சீனியம்மா கையை மடக்கவில்லை. பசித்தவளுக்கு அரிசி அரிசிதான். ஆனால் திருமேனி அந்த வார்த்தையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். படியை மார்போடு அணைத்து ஓரடி பின்வாங்கினார். ஆமாம், ஆமாம், சாவுக்கென்று எடுத்ததை அடுப்பில் ஏற்றக் கூடாது, வீட்டுக்கு ஆகாது, அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார். கிடங்குச் சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது, அவர் வெளியூர் போயிருக்கிறார், காலையில் வந்துவிடுவார். வந்ததும் புழுங்கலரிசியே அனுப்பிவைக்கிறேன், இவனுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே ஒரு மூட்டை. இதை எல்லாரும் கேட்கும்படி சொன்னார். அந்த நேரத்தில் அவர் அதை நிஜமாகவே செய்ய நினைத்தார் என்றுதான் நான் நம்புகிறேன். சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்க்கிறவர்போலக் குருவின் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்குக் கட்டாயம், சாமி.”

சாமி இருளப்பனைப் பார்த்தார். அவன் நிலைக்காலிலிருந்து மெல்லச் சரிந்துகொண்டிருந்தான். சீனியம்மா ஒரு கையால் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை இன்னமும் படிக்காக நீண்டிருந்தது.

“நாளைக்கு என்றால், இதைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்” என்றார் சாமி. “இங்கேயே வைத்துவிட்டுப் போம். நாளைக்கு இதுதான் வேண்டியிருக்கும்.”